அவரு கத்தாத மழைக்காலம்

அந்த சிஸ்டர் மறுபடி இந்தப் பக்கம் வந்தா நீயாச்சும் ஒரு வார்த்தை சொல்லு அம்மிணி. நான் ரெண்டு தடவ கேட்டுட்டேன். பேஷண்ட் மட்டுந்தானுங்கம்மா உள்ள, கூட வந்தவங்க வெளியில உக்காருங்கன்னு சொல்லிக் கதவைச் சாத்திட்டுப் போயிருச்சு. போன தடவ உட்டாங்க. அதுக்கு முந்தின தடவயும் உட்டாங்க. இப்ப என்னமோ புதுசாச் சட்டம் போட்டிருக்காங்களாம்.

நானென்ன உள்ள போயிப் பாய் விரிச்சா படுக்கப் போறேன். எங்கூட்டுக்காரரு கட்டலுக்கு சோத்தாங்கைப் பக்கமா ஒரு ஓரத்துல நிப்பேன். அவ்வளவுதான். அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் வேண்டாம். அவருக்கு முன்னால இன்னும் ரெண்டு பேரு உள்ள உக்காந்திருக்காங்க. அதுக்குள்ள அந்த சிஸ்டருக்கு மனசு மாறுச்சுன்னா சரி.

நீ யாருக்குக் காட்ட வந்திருக்க? மாமியாருக்கா. பேஸ்மேக்கர் வெக்கோணும்னு சொல்லிட்டாங்களா. உம் மூஞ்சியப் பாத்தாலே தெரியுது, நீ சரியாத் தூங்கியே நாளாச்சு. பிளாக்குன்னு சொன்னதும் பயந்துட்ட, அதானே. நானும் அப்படித்தான். பிளாக்குன்னா ரத்தக் கொழாயில அடைப்பு, நெஞ்சைப் பொளந்து ஆப்பரேசன் பண்ணுவாங்கன்னு நெனச்சுட்டேன். எங்க பக்கத்து ஊட்டுக்காரருக்கு அப்படித்தான் பண்ணுனாங்க. இது அது இல்ல அம்மிணி. இது கொழாய் சமாச்சாரம் இல்லைங்கம்மா, கரண்ட்டு சமாச்சாரம்னு டாக்டர் சொன்னாரு.

நெஞ்சுக்குள்ள மேல ரெண்டு அறை, கீழ ரெண்டு அறை இருக்குதாம். மேல ஒரு எடத்துல கரண்ட்டு உண்டாகிக் கீழ எறங்கி வரோணும். வந்தாத்தான் கீழ் அறை அமுங்கி ஒடம்பு பூராவும் ரத்தத்தைத் தள்ளும். நடுவுல அந்த வழி கெட்டுப்போச்சுன்னா, மேல இருக்கறது அது பாட்டுக்கு அடிச்சுக்கிட்டு இருக்கும். கீழ இருக்கறதுக்குச் சேதி, தாக்கல் ஒண்ணும் வராது. அது என்ன பண்ணும், தானா எப்படியோ சமாளிச்சு, மெதுவா அடிக்கும். நமக்கெல்லாம் அறுபது எழுவது அடிக்கற எடத்துல அதுல பாதிதான் அடிக்கும். ஒரே கூட்டுக்குள்ள இருந்துக்கிட்டே ஒண்ணுக்கொண்ணு பேச்சுவார்த்தை கெடையாதுங்கம்மான்னாரு டாக்டர். எம் மகளுக்குத்தான் ரெண்டு தடவ சொல்ல வேண்டியிருந்துச்சு. எனக்கு உடனே புரிஞ்சுருச்சு.

ரத்தம் பத்தாமப் போனா ஒடம்பு என்ன செய்யும். தலைக்குப் பத்தாது, கிறுகிறுன்னு வரும். காலுக்குப் பத்தாது, நாலு எட்டு வெச்சதும் உக்காரச் சொல்லும். மேல்மூச்சு வாங்கும். பாதம் வீங்கும். மறதி வரும். திடீர்னு கண்ணை இருட்டிக்கிட்டு உழுந்துருவாங்க. உம் மாமியாரு உழுந்தாங்களா? பாத்ரூம்லயா. நல்ல வேளை, தலையில அடிபடலை.

உம் மாமியாரு எப்படி, சத்தம் போடறவங்களா, சாதுவா? சாதுவா. அப்ப உன்னையக் குத்தம் சொல்ல முடியாது. சாதுவா இருக்கறவங்க கொஞ்சம் எச்சாச் சாதுவானா யாருக்குத் தெரியும். எனக்குத் தெரிஞ்சிருக்கோணும்னு எம் மக சொல்றா.

எங்கூட்டுக்காரரு கத்தறவரு. எங்களுக்குச் சோமனூர்ப் பக்கம். தறிக்குடோன் வெச்சிருந்தோம். பத்துத் தறி ஓடற எடத்துல மெதுவாப் பேசினா யாருக்குக் கேக்கும். அங்க எல்லாருமே கத்தித்தான் பேசுவாங்க. மத்தவங்க பொழுதோட ஊட்டுக்குப் போனதும் சத்தத்தைக் குடோன்லயே உட்டுட்டுப் போவாங்க. எங்கூட்டுக்காரரு அதையும் சேத்துக் கொண்டு வந்துருவாரு. கொழம்புல உப்பு எச்சான்னா கத்து. கம்மின்னா கத்து. சரியா இருந்தா, இன்னைக்கு மட்டும் எப்படிச் சரியா இருக்குதுன்னு கத்து. நான் கல்யாணமாகி வந்த நாள்ல இருந்து அவரு என்னையப் பேர் சொல்லிக் கூப்புட்டு நான் கேட்டதில்ல. ஏ புள்ளம்பாரு. சொந்தபந்தம், ஒறம்பரை வந்திருந்தாலும் ஏ புள்ளதான். எம் பேரு மயிலாத்தா. உனக்குச் சொல்றேன், நீயாச்சும் தெரிஞ்சுக்க.

அடிச்சதில்ல. அதைச் சொல்லோணும். குடி கெடையாது. வேற ஒரு கெட்ட பழக்கமும் கெடையாது. அதனாலயே யாருகிட்டயும் போயி நான் ஒரு நாயம் சொல்ல முடியாது. கத்தறாருன்னு சொன்னா, ஆம்பளைன்னா சத்தம் போடத்தான் செய்வாங்கன்னு எங்கம்மாவே சொல்லிருச்சு. தெருவுல ரெண்டு பேருமா நடந்தா அவரு எனக்கு எட்டாத தூரத்துல முன்னால போவாரு. நான் பின்னால ஓடோணும். ஊட்டுக்குள்ள ரெண்டு பேரு இருந்தாலும் நான் ஒருத்தியாத்தான் இருந்தேன் அம்மிணி. மகளையும் கட்டிக் குடுத்தாச்சு, அவ ஓசூர்ல இருக்கறா. டிவியில பேசறவங்களுக்கு நான் பதில் சொல்லிக்கிட்டு இருப்பேன்.

எங்க ஊரு மாரியம்மன்கிட்ட எப்பவோ ஒரு வேண்டுதல் வெச்சேன். இந்த மனுசனுக்குக் கோவத்தை எடுத்துரு ஆத்தா, நான் முடி எறக்கறேன்னு. அந்தக் காலத்துல எனக்கு முடி இடுப்புக்குக் கீழ வரும். அம்மன் கேட்ட மாதிரியே தெரியலை. நானும் மறந்துட்டேன்.

அப்பறம் போன வருசத்துக்கு முந்தின வருசம். ஐப்பசி மழை புடிச்சுக்கிட்டுது. அவரு ஒரு நாள் குடோனுக்குப் போகலை. மழைக்கு அலுப்பா இருக்குதுன்னு உக்காந்துட்டாரு. அடுத்த நாளும் போகலை. தறியையெல்லாம் வாடகைக்கு உட்டிருந்ததனால போகோணும்னு கட்டாயமும் இல்ல. வந்து எங்கிட்ட அடுப்படியில ஒரு சேரைப் போட்டு உக்காந்துக்கிட்டாரு. அடுப்படியில அம்மிணி. அந்த அடுப்படி எந்தப் பக்கம் பாத்து இருக்குதுன்னே அவருக்குத் தெரியாது.

கொழம்புல அன்னைக்கு நான் உப்பே போடலை, மறந்துட்டேன். சாப்புட்டாரு. ஒரு வார்த்தை சொல்லலை. நான் வாயில வெச்சுப் பாத்துட்டுப் பதறிப்போயி, ஏனுங்க உப்பில்லீங்களேன்னா, பரவால்ல புள்ளங்கறாரு.

அப்பறம் ஒவ்வொண்ணா மாறுச்சு. மெதுவாப் பேசுவாரு. நான் பேசினாக் கேட்டுக்கிட்டு இருப்பாரு. எங்க அம்மா ஊட்டுக் கதை, எங்கண்ணன் சின்ன வயசுல கெணத்துல குதிச்ச நாயம், ஒண்ணு உடாமச் சொன்னேன். எத்தனை வருசத்து நாயம் எனக்குள்ள கெடந்துச்சு தெரியுமா. கண்ணை மூடிக்கிட்டு உம் உம்முன்னு கேப்பாரு. மத்தியானமானா, ஏ புள்ள, நீ சாப்புட்டயாம்பாரு. சாப்புட்டேனுங்கம்பேன். கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடியும், நீ சாப்புட்டயா. ஒரே மத்தியானத்துல மூணு தடவ கேப்பாரு. அத்தனை வருசமா ஒரு தடவ கேக்காத மனுசன்.

ரேசன் கடைக்குப் போனப்ப எங்கூடவே வந்தாரு. முன்னால போகலை. பக்கத்துல நடந்தாரு. வழியில சட்டுன்னு எங் கையைப் புடிச்சாரு. நட்ட நடுத் தெருவுல. எதுத்தாப்புல கடைக்காரரு பொண்டாட்டி வர்றா, பாத்துட்டுச் சிரிக்கறா. எனக்கு வெக்கம் புடுங்கித் தின்னுது, கைய உடுங்கன்னு சொல்ல வாயே வரலை. ஊடு வந்து சேர்ற வரைக்கும் அந்தக் கைய அவரு உடலை. சில்லுன்னு இருந்துச்சு அவரு கை. மழைக்குத்தான் அப்படின்னு நெனச்சேன்.

நான் சந்தோசமா இருந்தேன் அம்மிணி. அதை எப்படிச் சொல்றதுன்னு தெரியலை. காலையில எந்திரிச்சா இன்னைக்கு என்ன பேசலாம்னு யோசிப்பேன். தலைக்குப் பூ வெச்சேன்.

மக போன் பண்ணினா. அப்பா கொரல் ஏம்மா இப்படி இருக்குது, கெணத்துக்குள்ள இருந்து பேசற மாதிரி இருக்குது, டாக்டர்கிட்டக் காட்டுன்னா. எனக்குச் சுருக்குன்னு ஆயிருச்சு. நல்லா இருக்கறவரை எதுக்கு டாக்டர்கிட்டக் காட்டறது. இருந்தாலும் மனசு கேக்காம, வெள்ளிக்கெழமை கோயிலுக்குப் போயிப் பூ கேட்டேன்.

உங்க பக்கம் அந்த வழக்கம் இருக்குதா? எங்க பக்கம் எதுன்னாலும் பூ கேட்டுத்தான். அம்மனோட ரெண்டு தோள்லயும் பூ வெச்சுட்டு, கண்ணை மூடி மனசுல கேக்கோணும். வலப்பக்கத்துப் பூ உழுந்தா ஆமா. எடப்பக்கம் உழுந்தா இல்ல. நான் கேட்டேன், ஆத்தா, இது நீ குடுத்த மாத்தந்தானே. கேட்டு முடிக்கறதுக்குள்ள வலப்பக்கம் பொத்துன்னு உழுந்துச்சு. பூசாரியே அசந்துட்டாரு. எம் மக இப்பவும் கேக்கறா, ஆசுபத்திரிக்குக் கூட்டிட்டுப் போகட்டுமான்னு கேட்டிருக்க வேண்டியதுதானேன்னு. அது எனக்குத் தோணவே இல்ல. எனக்கு வேணும்கறதைத்தானே நான் கேப்பேன்.

பூ உழுந்துருச்சு, வேண்டுதலை நிறைவேத்தோணும்ல. அடுத்த வாரமே முடி எறக்கிட்டேன். மொட்டைத்தலையில சந்தனத்தைப் பூசிக்கிட்டு ஊட்டுக்கு வந்தா, வாசல்ல சேர்ல உக்காந்திருந்தாரு. என்னைய ஏறிட்டுப் பாத்தாரு. ஒண்ணும் கேக்கலை. எனக்காகத்தான் இவ முடி குடுத்திருக்கறான்னு உள்ளுக்குள்ள நெனச்சுக்கிட்டாரு போலன்னு நான் நெனச்சேன். அந்த மௌனத்துக்கே எனக்குக் கண்ணு நெறைஞ்சு போச்சு.

கார்த்திகை கடைசியில ஒரு காலையில இட்லி வெச்சுக் குடுத்தேன். தண்ணி எடுக்க எந்திரிச்சவரு அப்படியே சாஞ்சுட்டாரு. கண்ணு மேல சொருகிருச்சு, கையும் காலும் ஒரு வெட்டு வெட்டுது. நான் போட்ட சத்தத்துக்குத் தெருவே வந்துருச்சு. அவங்க வர்றதுக்குள்ள அவரு கண்ணை முழிச்சு, என்ன புள்ளங்கறாரு, ஒண்ணுமே நடக்காத மாதிரி. ஊரு டாக்டர் கைநாடியைப் புடிச்சாரு. புடிச்சுக்கிட்டு வாட்சைப் பாக்கறாரு, பாக்கறாரு, பாத்துக்கிட்டே இருக்கறாரு. முப்பத்தி நாலுன்னாரு. ஒடனே கோயமுத்தூருக்குக் கொண்டு போங்கன்னாரு.

இங்க கொண்டாந்ததும் ஒயரு மாதிரி ஒண்ணைத் தொடை வழியா உட்டுத் தற்காலிகமா ஓட வெச்சாங்க. அப்பறம் இந்த டாக்டர் என்னையக் கூப்புட்டு உக்கார வெச்சுக் கேட்டாரு. எம் மகளும் வந்து சேந்துட்டா. எத்தனை நாளா இப்படி இருக்கறாருன்னு கேட்டாரு. எப்படீங்கன்னேன். அவரு ஒவ்வொண்ணாக் கேக்க ஆரம்பிச்சாரு.

சோர்வா ஒரே எடத்துல உக்காந்திருந்தாரா? ஆமாங்க. வழக்கமாப் போற எடத்துக்குப் போறதை நிறுத்திட்டாரா? ஆமாங்க. பேச்சுக் கொறைஞ்சுதா, கோவதாபம் கொறைஞ்சுதா? ஆமாங்க. சாப்பாட்டு ருசி தெரியாம இருந்தாரா? ஆமாங்க. பேசிக்கிட்டு இருக்கறப்பவே கண்ணு சொக்குமா? அதுக்கும் ஆமாங்கன்னேன். கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டாரா?

எங்கூட்டுக்காரரு கேட்டது என்னையச் சாப்புட்டயான்னு அம்மிணி. அதைப் போயி இந்த டாக்டர் வியாதியில சேக்கறாரு. ஆமாங்கன்னேன். அது அத்தனையும் மூளைக்கு ரத்தம் பத்தாததுனால வந்ததுங்கம்மா, பேஸ்மேக்கர் வெச்சா எல்லாம் சரியாப் போயிரும்னு தைரியம் சொல்றாரு.

கடைசியா ஒண்ணு கேட்டாரு. நடக்கறப்ப தள்ளாடிட்டுப் பக்கத்துல இருக்கற ஆளைப் புடிச்சுக்குவாரான்னு.

இல்லீங்கன்னுட்டேன்.

அது ஒண்ணைச் சொல்லலைன்னா டாக்டருக்கு என்ன கொறைஞ்சு போகுது. மத்ததெல்லாம்தான் குடுத்துட்டேனே.

மறுநாள் இங்க, எடப்பக்கத்துத் தோளுக்குக் கீழ, தோலைக் கொஞ்சூண்டு கிழிச்சு அந்தப் பொட்டியை வெச்சாங்க. சின்னதுதான், பயப்படாத. உம் மாமியாருக்கு மயக்கம்கூடக் குடுக்க மாட்டாங்க, மரத்துப்போற ஊசிதான். ஒரு கை மட்டும் கொஞ்ச நாளைக்கு மேல தூக்கக்கூடாது. பொழுதோட வார்டுக்குக் கொண்டாந்தப்பப் பாத்தா, மூஞ்சியில ரத்த ஓட்டம் தெரியுது. கை சூடா இருக்குது. மக, மருமகன், எங்கூட்டுக்காரரு தங்கச்சி எல்லாரும் கட்டலைச் சுத்தி நிக்கறோம். கண்ணைத் தொறந்தாரு. எல்லாரையும் பாத்துட்டு எம்பட பக்கம் திரும்பினாரு. திரும்பினதும் கத்தறாரு.

"ஏ புள்ள, முடிய என்ன பண்ணித் தொலைச்ச? எவளைக் கேட்டு எடுத்த?"

அப்பத்தான் எனக்குத் தெரிஞ்சுது. மூணு வாரமா என்னைய அவரு பாக்கவே இல்ல.

எல்லாரும் சிரிக்கறாங்க. அப்பா திரும்பி வந்துட்டாரும்மான்னு மக என்னையக் கட்டிப் புடிக்கறா. நான் அழுதேன். சந்தோசத்துல அழுகறான்னு அவரு தங்கச்சி முதுகைத் தடவிக் குடுத்துச்சு. அண்ணனுக்காக முடியவே குடுத்தா மகராசின்னு இன்னைக்கும் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியுது.

நல்லாயிட்டாரு. அதுல கொறையே கெடையாது. டவுனுக்கு நடந்தே போயிட்டு வர்றாரு. குடோனுக்குப் போயி வாடகைக்காரங்களையும் பாத்துக் கத்தறாரு. அடுப்படிப் பக்கம் வர்றதில்ல. அந்தச் சேரை மறுபடி வாசல்ல கொண்டு போய்ப் போட்டுக்கிட்டாரு. எங்கண்ணன் நாயத்தை ஒரு நாள் எடுத்தேன். இதெல்லாம் எதுக்கு இப்ப எங்கிட்டச் சொல்றேன்னு எந்திரிச்சுப் போயிட்டாரு. நான் சொன்னதெல்லாம் அவருக்கு ஒண்ணுகூட ஞாபகத்துல இல்ல. ஒண்ணுகூட.

மொதல் தடவ செக்கப்புக்கு வந்தப்ப நானும் உள்ள போனேன். ஒரு புள்ள கம்ப்யூட்டர் முன்னால உக்காந்துக்கிட்டு, இவரு தோள்மேல என்னமோ வட்டமா ஒண்ணை வெச்சுது. பொட்டியில எல்லாம் சரியா இருக்குதான்னு பாத்துட்டு, ஐயா, உங்க நெஞ்சு தானா எவ்வளவு அடிக்குதுன்னு பாக்கறதுக்குப் பொட்டியைக் கொஞ்ச நேரம் கொறைக்கறேன், ஒரு மாதிரி இருந்தாச் சொல்லுங்கன்னு சொல்லிட்டுக் கம்ப்யூட்டர்ல தட்டுச்சு. நான் பாத்துக்கிட்டே இருக்கறேன். அவரு மூஞ்சி அப்படியே அடங்குது. அந்த மழைக்காலத்து மூஞ்சி. கண்ணு என்னையத் தேடுது. ஒரு மாதிரி இருக்குது புள்ளன்னு மெதுவாச் சொல்லிட்டுச் சோத்தாங்கைய நீட்டறாரு. நான் போயிப் புடிச்சுக்கிட்டேன். இறுக்கிப் புடிச்சாரு அம்மிணி.

அதுக்குள்ள அந்தப் புள்ள மறுபடி தட்டிருச்சு. அவ்வளவுதான், கைய உருவிக்கிட்டாரு. எதுக்கு இங்க மரமாட்டம் நிக்கற, போயி மாத்திரை வாங்கிட்டு வான்னுட்டாரு.

போன தடவ நான் மொதல்லயே சோத்தாங்கைப் பக்கமாப் போயி நின்னுக்கிட்டேன். அப்பவும் நீட்டினாரு. டாக்டர்கிட்டக்கூட ஒரு வார்த்தை கேட்டுப் பாத்தேன், பொட்டியை நிமிசத்துக்கு அறுபதுன்னு வெச்சிருக்கீங்களே, அம்பது இருந்தாப் போதாதுங்களான்னு. பேட்டரி மிச்சம் புடிக்கறதுக்குக் கேக்கறேன்னு நெனச்சுட்டுச் சிரிக்கறாரு. பேட்டரியெல்லாம் பல வருசம் வரும், கவலைப்படாதீங்கன்னாரு.

நீ அப்படிப் பாக்காத. அவருக்கு ஒண்ணு ஆகோணும்னு நான் நெனைப்பனா. நூறு வருசம் இருக்கட்டும். நான் கேக்கறது அந்தப் புள்ள தட்டி மறுபடி தட்டற அந்தச் சித்த நேரம். ஆறு மாசத்துக்கு ஒருக்கா. அதுக்குத்தான் காலையில எந்திரிச்சுக் குளிச்சுப் பஸ் ஏறி வர்றேன். அதுக்குப் போயி எடம் பத்தாதுங்கறாங்க.

அந்த ரெண்டு பேரும் வெளிய வந்துட்டாங்க, பாத்தியா. இப்ப இவரைத்தான் படுக்க வெச்சிருப்பாங்க. இந்நேரம் வட்டத்தை வெச்சிருக்கும். இந்நேரம் தட்டியிருக்கும். கைய நீட்டினா அங்க என்ன இருக்கும், கட்டல் கம்பி இருக்கும். அதைப் புடிச்சுக்குவாரா இருக்கும். தள்ளாடறவருக்குக் கம்பியா இருந்தா என்ன, நானா இருந்தா என்ன. டாக்டர் அதைத்தானே கேட்டாரு.

இரு, கதவு தொறக்குது. வந்துட்டாரு. ஏனுங்க, இங்கதானுங்க இருக்கறேன்.

"எங்க போய்த் தொலைஞ்ச? உள்ள எத்தனை தடவ கூப்புடறது? பக்கத்துல நிக்காம இங்க உக்காந்து உனக்கென்ன நாயம்?"

கேட்டியா அம்மிணி. வெளிய உக்காருன்னது அவங்க. பேச்சு எனக்கு. இத்தனை சனம் உக்காந்திருக்கற எடத்துல. இந்த சிஸ்டர் வேற, ஐயா உங்களைத்தான் தேடிட்டே இருந்தாருங்கம்மான்னு சொல்லிட்டுச் சிரிக்குது. தேடாம என்ன பண்ணுவாரு, பை எங்கிட்டத்தானே இருக்குது, கண்ணாடி அதுலதான் கெடக்குது.

போச்சு. இனி ஆறு மாசம்.

சரி, நான் வர்றேன். மாமியாரைப் பாத்துக்க. அங்க பாரு அந்த மனுசனை, லிப்டுக் கதவைக் கையால புடிச்சு நிறுத்திக்கிட்டு, உள்ள ஏறின அத்தனை பேரையும் காக்க வெச்சுட்டு, நான் வர்ற வரைக்கும் எப்படிக் கத்தறாருன்னு.